இரண்டு பாகம், இருபது நிமிடம்

படிக்கப் போன முதல் நாட்டில் அவளுக்கு வக்கீலக்கா என்று பெயர். எட்டு வருடம் கோர்ட் படியேறி இறங்கிவிட்டு, முப்பத்தேழு வயதில் சட்ட மேற்படிப்புக்கு வந்து உட்கார்ந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அங்கே ஒரு வருடம், இந்த இரண்டாவது நாட்டில் ஒரு வருடம், முடிவில் இரண்டு பட்டம் என்பது ஏற்பாடு. இங்கே வந்து ஏழு மாதமாகிறது. இதுவரை யாரும் அவளை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. வகுப்பில் மற்றவர்கள் நாலு வருடமாகச் சேர்ந்து படிப்பவர்கள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அவர்களுடைய கோட்டுகள்தான் உட்கார்ந்திருந்தன.

ஒப்பந்தச் சட்டத் தேர்வில் மண்ணைக் கவ்வினாள். விடை தெரியாமல் அல்ல. முதல் நாட்டில் வழக்கின் கதையைச் சொல்லி, பழைய தீர்ப்புகளை அடுக்கி, கடைசியில்தான் முடிவுக்கு வர வேண்டும். இங்கே முடிவை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டு, மீதியைச் சரியாக இரண்டு பாகமாகப் பிரிக்க வேண்டும். மூன்றாவது பாகம் எழுதினால் கொலைக் குற்றம். கை பழகிய பழக்கத்தில் அவள் ஒன்பது பக்கமும் பழைய வழியிலேயே எழுதிவைத்தாள். "நல்ல கட்டுரை. ஆனால் விடை அல்ல" என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார். மறுதேர்வு வாய்மொழியாக, இருபது நிமிடம். அதிலும் கோட்டைவிட்டால் இந்தப் பட்டத்தோடு அந்தப் பட்டமும் போய்விடும். ஏற்பாடு அப்படி.

ஊரில் இருக்கும் வீட்டுக்காரரிடம் தோற்றதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. நிலம் அளக்கும் வேலை அவருக்கு. போகிற இடமெல்லாம் மனைவியின் ரெட்டைப் பட்டத்தைத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார்.

"சாப்டியா?" என்றார் போனில்.

"ஆச்சு. யாராவது எதிர்ல உக்காந்து கேட்டா தேவலை. பேசிப் பழகணும்."

"இப்ப சொல்லு, நான் கேக்குறேன்."

சொன்னாள். முதல் பாகத்தில் பாதி வருவதற்குள், "இரு, ஆளுங்க கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. ஆனாலும் அவளுக்கு அழுகை வந்தது. அப்புறம் அறையில் துணி காயப்போட்ட கம்பிக்கு எதிரே நின்று பழகினாள். சட்டைகள் குறுக்கே பேசவில்லை.

தேர்வன்று பேராசிரியர் ஜன்னலைச் சாத்தினார், கைப்பேசியை மேஜைக்குள் போட்டார், "சொல்லுங்க" என்றார். முடிவை முதல் வரியில் சொன்னாள். முதல் பாகத்துக்குத் தலையாட்டினார். இரண்டாவதில், தான் முன்பு வாதாடிய ஒரு வீட்டு வழக்கைத் தொட்டுக்காட்டினாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தக் கட்சிக்காரர் அப்புறம் என்ன பண்ணாரு?"

சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டார்.

"போதும்மா. பாஸ் பண்ணிட்டீங்க. கிளம்பலாம்."

சந்தோஷப்பட்டு எழுந்திருக்க வேண்டிய நேரம். கால் எழவில்லை. இந்த ஏழு மாதத்தில் அவள் முகத்தைப் பார்த்து, அவள் சொன்னதை முழுசாகக் கேட்ட ஆள் இவர் ஒருவர்தான்.

"சார், இன்னும் ஏதாவது கேள்வி இருந்தா கேளுங்க."

"இல்லம்மா. வெளிய அடுத்த ஆள் காத்துட்டிருக்காங்க."