அழுது இடம் வாங்கித் தந்த அம்மா

எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு மலை ஏறியும் இறங்கியும் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அம்மா பிறந்தது கோடைக்கானல் மேல்மலையில் உள்ள கவுஞ்சி. எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. பூண்டு பிடுங்குகிற காலத்தில் வரப்போரம் பிறந்ததாக அவரே சொல்வார். பூம்பாறைக்குக் கீழே, ஓடையோரக் குடிசைகளில் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா குளிர்காய்ச்சலில் போய்விட்டார். அதன்பிறகு அக்காவையும் என்னையும் வளர்த்தது அம்மாவின் இரண்டு கைகளும் அவருடைய தொண்டையும்தான்.

தொண்டை என்று நான் எழுதுவது உங்களில் பலருக்குப் புரியும். சுற்றுப்பட்ட ஊர்களில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரி சொல்ல அம்மாவைத்தான் கூப்பிட்டு விடுவார்கள். பெரிய வீடுகளில் கொல்லைப்புறமாக உட்கார வைப்பார்கள். ஆனால் பாட்டு மட்டும் வாசல்வரை கேட்க வேண்டும். செத்தவர் எந்தக் கன்றுக்குட்டிக்குச் செல்லம் கொடுத்தார், எந்தத் தம்பியோடு கடைசிவரை பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். அரிசியும் பழைய சேலையும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த அரிசியைத் தின்றுதான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிப்பு எனக்கு எத்தனையோ கொடுத்தது. கூச்சத்தையும் கொடுத்தது.

எங்கள் குடிசைகள் நின்றது புறம்போக்கு நிலம். பட்டா கிடையாது. பட்டா இல்லாத இடத்துக்குக் குழாய் போட மாட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் விதைக்கடன் கொடுக்க மாட்டார்கள். காலி செய் என்று யார் வந்து சொன்னாலும் பானையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் கோடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், தெருவார் கேட்டுக்கொண்டபடி, பட்டா கேட்டு அங்கிருந்த தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நல்ல தமிழில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். நேரில் போய்க் கேட்டவர்களுக்கெல்லாம், 'ஐயா கேம்ப் போயிருக்கிறார், வெளியூர்' என்ற பதில்தான் கிடைத்தது.

ஒருநாள் அம்மா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வெள்ளனே புறப்பட்டு நடந்தே கோடைக்கானலுக்கு வந்துவிட்டார். மனு எழுதியவன் என்பதால் என்னையும் ஆபீசுக்கு அழைத்துப் போனார். வாசலில் சேவகர் நின்றிருந்தார்.

"ஐயாவப் பாக்கணும்ங்க" என்றார் அம்மா.

"ஐயா கேம்ப்பு."

"எப்பங்க வருவாக?"

"வந்தாத்தான் தெரியும். வாசல மறிக்காத, போ."

"போன தடவ வந்தப்பவும் கேம்ப்பு. அதுக்கு முந்தியும் கேம்ப்பு. அம்புட்டுத் தூரமாவா போயிட்டாக?"

"ஒனக்கு என்ன அந்தச் சோலி?"

அம்மா திரும்பி நடந்தார். எதிரே தைலமரத்தடியில் போய் உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடும் பக்கத்துக் குடிசைக்காரர், அம்மாவின் தோழி, அருகில் உட்கார்ந்து தோளில் கை போட்டார். அம்மா எடுத்தார்:

"மல ஏறி வந்தோமே – எங்க மகராசா
மனு ஏந்தி நின்னோமே
கேம்ப்பு போன தேசத்துல – ஒங்களக்
காய்ச்ச வந்து கொன்னுருச்சோ
நாக்காலி வெறிச்சிருக்கே – அதுல
நாய் படுக்க ஆச்சுதே..."

ஆபீஸ் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. கடைவீதியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கடையைப் பாதி சாத்திவிட்டு வந்த துணிக்கடை பாய் ஒருவர், "பெரிய ஆபீசரா? எப்ப மவுத்தானாரு?" என்று என்னிடமே கேட்டார். சேவகர் தலைப்பாகை சரிய ஓடி வந்தார்.

"ஏ ஆத்தா, வாய மூடு! ஐயா உசுரோட இருக்காரு! உள்ளதான் காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காரு!"

"உள்ளயா இருக்காக?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மகராசன் நல்லாருக்கட்டும். அப்ப வெரசாப் போயி, நாங்க வந்திருக்கோம்னு சொல்லுங்க."

அதிகாரியே வெளியே வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, "மனு எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும்போது ஏரி முனைவரை அவர்களோடு நடந்தேன். "செத்தவுகளுக்கு அழுதா அரிசி தாராக. உசுரோட இருக்கவுகளுக்கு அழுதா எடமே தருவாக போலருக்கு!" என்றார் அம்மா. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அம்மாவைத் தனியே கூப்பிட்டேன்.

"நடுரோட்டுல முடிய விரிச்சுப் போட்டு... என்கூடப் படிக்கிறவங்க பாத்திருந்தா என்னம்மா ஆகும்? இனிமே எந்த எழவு வீட்டுக்கும் போகாத."

"ஒனக்கு மானக்கேடா இருந்துச்சா சாமி?"

"ஆமா."

"சரி. நீ வாத்தியாராகு. நிறுத்திருதேன்."

நிலம் அளக்க ஆள் வந்தார். பட்டா வந்தது, எங்கள் வீட்டுக்கு அம்மா பெயரிலேயே வந்தது. பிறகு குழாய் வந்தது. விதைக்கடன் வாங்கி, அம்மா முதன்முதலாகத் தன் மண்ணில் பூண்டு ஊன்றினார். நான் ஆசிரியரானேன். அம்மா சொன்னபடியே நிறுத்திவிட்டார். கூப்பிட வந்தவர்களிடம், "தொண்ட கட்டிக் கெடக்குங்க" என்றார். அந்தத் தொண்டைக்கட்டு கடைசிவரை சரியாகவே இல்லை. மகனுக்குக் கூச்சம் என்று ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு நெஞ்சுச்சளி முற்றி, ஆஸ்பத்திரியில் இருந்து, வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டு வந்து, இந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். கோடைக்கானலிலிருந்து தலைமையாசிரியரும் சக ஆசிரியர்களும் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. நான் பெண்களிடம் போய், "யாரும் மாரடிச்சு ஒப்பாரி வைக்க வேண்டாம். நாகரிகமா இருக்கட்டும்" என்றேன். அவர்கள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்கள். அம்மா கிடந்த வீட்டில் ஓடைச் சத்தம் கேட்டது. புறப்படும்போது தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்போடுதான் கேட்டார்: "அம்மாவுக்குச் சொந்தக்காரங்க அதிகம் இல்லையோ தம்பி?"

மேல்மலை முழுக்க அழுது கொடுத்தவரைப் பற்றி அப்படி ஒரு கேள்வி வர நான் காரணமாகிவிட்டேன்.

இந்த நினைவு நாளுக்காவது ஒரு பாட்டுச் சொல்லுங்கள் என்று பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ஏலே, அவ கெடந்தன்னிக்கு எனக்கு இந்தா, தொண்ட வரைக்கும் வந்துச்சு. நீ சொன்னேன்னு முழுங்கிட்டேன். முழுங்குனத வருசம் கழிச்சுக் கக்கச் சொன்னா வருமாடா?"

அம்மாவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், பின் சீட்டில் படுக்க வைத்து மெதுவாக ஓட்டி வந்த பஸ் டிரைவருக்கும், மழையில் நின்று குழி வெட்டிய தெரு இளைஞர்களுக்கும், கோடித்துணி கொண்டுவந்த அதே துணிக்கடை பாய்க்கும் எங்கள் நன்றி.

தெருப் பெண்களுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்துத் தங்கள் அழுகையை விழுங்கியவர்கள் அவர்கள். கேட்டுக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது. இனி நம் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், வாத்தியார் வருகிறார் என்று யாரும் வாயை மூட வேண்டாம். அந்த வாத்தியார் குடியிருக்கும் இடமே ஓர் ஒப்பாரியில் வந்ததுதான்.

இப்படிக்கு,
மகன்