விசை என்று நான்கு இடங்களில்

சனிக்கிழமை மாலை மூன்று நாற்பதுக்கு அது ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் பால் வாங்கப் போக இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். பின்னறையில் தகரப் பெட்டியின் மூடியை யாரோ ஓங்கி அறைந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அழுகை கேட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஓடிப் போய்ப் பார்த்தபோது என் மகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் என்னுடைய ஏர் கன். வலது கையின் இரண்டு விரல்களை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் எண்ணெயில் நனைந்த பஞ்சு. அதன் ஓரம் சிவந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வர ஐந்து வாரம் இருந்தது.

"நீ எழுதினபடிதாம்மா செஞ்சேன்" என்றாள்.

நான் என்ன எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அரியலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம், 1996-இல், ஒரு பழைய இரும்புக் கடையில் பிடிக்கட்டை உடைந்த ஏர் கன் ஒன்றைப் பார்த்தேன். திருவிழாவில் பலூன் சுட வைத்திருப்பார்களே, அதுதான். குழலைக் கீழே மடக்கினால் உள்ளே இருக்கும் சுருள்வில் அமுங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். குழலை மேலே மூடிச் சுட்டால் கொக்கி விட்டு, வில் முன்னால் பாயும். அதன் முனையிலுள்ள தோல் வாஷர் காற்றைத் தள்ளும். காற்று குண்டைத் தள்ளும். பாடத்தில் மீட்சித்தன்மையை விளக்குவதற்கு இதைவிட நல்ல சாமான் கிடைக்காது என்று வாங்கி வந்தேன். பிரித்துத் துடைத்துத் திரும்பப் பூட்டியதில் ஒரு ருசி ஏற்பட்டது. அடுத்தது பக்கத்துக் கல்லங்குறிச்சியில் தேர்த் திருவிழாவுக்குக் கடை போட்ட பலூன்காரரிடம் வாங்கினேன். பத்து வருடத்தில் ஆறு சேர்ந்துவிட்டன. எல்லாம் எனக்கு மூத்தவை. பழைய பருத்திப் புடவையில் சுற்றி பீரோவுக்கு மேலே வைத்திருந்தேன். எதையும் சுட்டதில்லை.

ஊரில் என்னைத் 'துப்பாக்கி டீச்சர்' என்பார்கள். மாணவர்கள் வைத்த பெயர். பிறகு மளிகைக்கடைக்காரர் வரை பரவிவிட்டது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் திறந்த பிறகு, இவற்றைப் பற்றி எழுதி வைக்கலாமே என்று தோன்றியது. இலவசமாக இடம் தந்த ஒரு தளத்தில் பக்கம் தொடங்கினேன். நான் தாளில் எழுதித் தருவேன். மகள் தட்டச்சு செய்வாள். தோல் வாஷரை எதில் ஊறவைப்பது, துருவை எப்படி எடுப்பது, தையல் மெஷின் எண்ணெயை எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்றெல்லாம் எழுதினோம். அப்போது பயன்படுத்திய எழுத்துரு அந்த சென்டர் கணினியைத் தவிர வேறெங்கும் சரியாகத் தெரியவில்லை. திறந்தவர்களுக்கெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. பிறகு யூனிகோடு வந்ததும் எல்லாவற்றையும் மகள் முதலிலிருந்து அடித்தாள். அதற்குப் பிறகுதான் வாசிக்க ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்களில் ஒருவர், வெளிநாட்டிலிருக்கும் ஓய்வு பெற்ற பெரியவர், பின்னூட்டம் எழுதியிருந்தார். 'தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியை டிரிக்கர், ஸ்பிரிங் என்று எழுதலாமா?' எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாக் கட்டுரைகளிலும் ஆங்கிலச் சொற்களைக் களைந்தேன். ஸ்பிரிங் சுருள்வில் ஆனது. டிரிக்கர், அகராதியில் இருந்தபடி, விசை ஆனது.

ஆனால் இயற்பியலில் விசை என்றால் வேறு. நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் வருவது. பத்து வருடமாகக் கரும்பலகையில் நான் எழுதிவந்த சொல். அமுங்கிய வில்லில் தேங்கியிருக்கும் பலத்தையும், வேறு யோசனையே இல்லாமல், விசை என்றே எழுதியிருந்தேன். ஆக ஒரே கட்டுரையில் இரண்டு பொருள். எழுதியவளுக்கு இரண்டும் தெளிவாகத் தெரிந்ததால் குழப்பம் கண்ணில் படவில்லை.

அந்த வாக்கியம் இதுதான்: 'குழல் மடங்கிய நிலையில் விசையை மெல்ல விடுவித்த பின், குழல்மூட்டைத் துடைக்கவும்.' குழலின் நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வில்லின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டுத் துடைக்க வேண்டும் என்பது நான் நினைத்தது. கெட்டியாகப் பிடிக்கச் சொன்னது அடுத்த பத்தியில் இருந்தது.

மகள் தோழியிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் போட்டால் நன்றாக இருக்கும் என்று, படம் எடுக்கும் முன் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறாள். குழலை மடக்கி, மூட்டில் பஞ்சை வைத்துக்கொண்டு, மெல்ல டிரிக்கரை அழுத்தியிருக்கிறாள். குழல் மடங்கியிருக்கும்போது டிரிக்கர் இயங்காமல் தடுக்கும் பூட்டு பழைய துப்பாக்கிகளில் கிடையாது. குழல் பாய்ந்து மேலே மூடிக்கொண்டது, அவள் விரல்களின் மேல்.

ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போகும்போது அவள் கையைத் துண்டால் சுற்றி என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் பகல் ஷிப்டிலிருந்த என் கணவர், செய்தி கேட்டு அதே யூனிபாரத்தோடு வந்து சேர்ந்தார். எக்ஸ்ரே எடுக்கும்வரை அறை வாசலிலேயே நின்றார். எலும்பு உடையவில்லை, ஒரு நகம் போய்விட்டது, ஐந்து தையல், பரீட்சைக்குள் பேனா பிடிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பத்து வருஷமா ஒரு குருவியக்கூட சுடல உன் துப்பாக்கி. கடைசில நம்ம புள்ளையத்தான் கடிச்சிருக்கு."

மகள்தான், "அப்பா, துப்பாக்கி மேல தப்பில்லப்பா. விசைன்னா டிரிக்கர்னு நெனச்சுட்டேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை, எப்படியோ கை தவறிவிட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

தையல் போட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திடீரென்று கேட்டாள்: "அம்மா, அந்த பெரம்பலூர் டெய்லர்?"

பெரம்பலூரில் ஒரு தையல்காரர் எங்கள் பக்கத்தைத் தொடர்ந்து வாசித்துவந்தார். தையல் மெஷின் எண்ணெய் பற்றி எழுதியதிலிருந்து பழக்கம். முகம் பார்த்ததில்லை. அவரிடம் ஒரே ஒரு ஏர் கன் இருந்தது, நான் எழுதிய அதே மாதிரி. அந்த ஊர் பிரவுசிங் சென்டர் பையனைத் தட்டச்சு செய்யச் சொல்லிப் பின்னூட்டம் போடுவார். வியாழக்கிழமை எழுதியிருந்தார்: 'டீச்சர், பிரிண்ட் எடுத்து வச்சிட்டேன். ஞாயித்துக்கெழமை கடை லீவு. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிடுறேன்.'

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விரல்களால் பிழைப்பவர் அவர்.

கணவரும் மகளும் வீட்டுக்குப் போனார்கள். நான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்த வாக்கியத்தை நீக்கினேன். 'தயவுசெய்து துப்பாக்கியைத் தொடாதீர்கள், உடனே கூப்பிடுங்கள்' என்று வீட்டுத் தொலைபேசி எண்ணோடு பின்னூட்டம் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் கையில் இருப்பது தாள். தாளில் இருப்பதை நான் இங்கிருந்து திருத்த முடியாது. அவருடைய எண் எங்களிடம் இல்லை. கடைப் பெயர்கூடத் தெரியாது. பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்து என்று எப்போதோ எழுதியிருந்தார்.

"என்னங்க டீச்சர், இவ்ளோ அவசரமா?" என்றார் சென்டர்காரர்.

"ஒண்ணுமில்ல. ஒரு எழுத்துப்பிழை."

ஞாயிறு காலை பெரம்பலூருக்கு முதல் பேருந்தைப் பிடித்தேன். வழி முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் பேருந்து ஊர்ந்தது. மகளின் விரல்களைப் பார்த்த கண்ணுக்கு, பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்த எல்லார் விரல்களும் தெரிந்தன. இப்போதும் அப்படித்தான். யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் முதலில் விரல் எங்கே இருக்கிறது என்று தேடுவேன்.

சந்தில் இரண்டு தையல் கடைகள், இரண்டும் பூட்டியிருந்தன. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் துப்பாக்கி வைத்திருக்கும் டெய்லர் எவர் என்று கேட்டேன்.

"துப்பாக்கியா? போலீஸா நீங்க?"

"இல்லம்மா, டீச்சர். பலூன் சுடுற துப்பாக்கி."

"அவரா. பேண்டு துணியில நீட்டமா எதையோ சுத்தி எடுத்துக்கிட்டு வெடியக்காலையே போனாரே."

"கையில கட்டு கிட்டு போட்டிருந்தாரா?"

அவர் பூவிலிருந்து தலையைத் தூக்கினார். "கட்டா? நான் மூஞ்சிய பாத்தேன். கைய யாரு பாத்தா?"

வீடு எங்கே என்று கேட்டதற்கு, ஊருக்கு வெளியே ஏதோ நகர் என்றார். அதற்கு மேல் தெரியவில்லை. நேரே அரசு மருத்துவமனைக்குப் போனேன். அவசரப் பிரிவில் இருந்த செவிலியரிடம், நேற்றோ இன்றோ விரல் நசுங்கி யாராவது வந்தார்களா என்று விசாரித்தேன்.

"உங்களுக்கு என்ன வேணும் அவரு?"

என்ன சொல்வது? "என் பக்கத்தைப் படிக்கிறவர்" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் என்று அவர் எடுத்துக்கொண்டார் என நினைக்கிறேன். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, கதிர் அடிக்கும் இயந்திரத்தில் அடிபட்ட ஒருவர்தான் வந்தார், அவருக்கும் காலில்தான் என்றார். எனக்கு அதில் பாதி நிம்மதிதான் கிடைத்தது. அரசு மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும் என்று என்ன கட்டாயம்?

வீடு திரும்பும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. மகள் இடது கையால் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "போன் வந்துச்சா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். கணவர் ஆறு துப்பாக்கிகளையும் பீரோ மேலிருந்து இறக்கிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டியிருந்தார். இரும்புக் கடையிலிருந்து வந்தது அங்கேயே போகட்டும் என்பது அவர் முடிவு.

"போட்டுருங்க" என்றேன்.

"அப்ப நாம எழுதி வச்சதெல்லாம்?" என்றாள் மகள்.

"அதையும் இன்னிக்கே அழிச்சிருவோம்."

"அழிச்சா, பிரிண்ட் வச்சிருக்கவங்களுக்கு தப்புன்னு யாரும்மா சொல்லுவா?"

அந்தத் தையல்காரர் என்ன ஆனார் என்று தெரியாமல் எதையும் யோசிக்கவும் முடியவில்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்தேன்.

மூன்று மணி இருக்கும். தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. ஓட்டுநர் சிரித்தபடி எங்கள் வீட்டைக் கைகாட்டினார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர் இறங்கினார். நெற்றியில் நாமம். தோளில் நீல நிறப் பேண்ட் துணியில் சுற்றிய நீளமான பொட்டலம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். பிறகு மற்றதை. நகக்கண்களில் தையல் சாக்பீஸ் வெள்ளையாக ஒட்டியிருந்தது. பத்தும் இருந்தன.

"துப்பாக்கி டீச்சர் வூடு இதுதானுங்களா?"

நான் இன்னொரு முறை எண்ணிக்கொண்டிருந்தேன். கணவர்தான் உள்ளேயிருந்து வந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். அவர் உட்காரவில்லை. பொட்டலத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த தாள்களை எடுத்துப் பிரித்தார். எங்கள் கட்டுரை. அளவெடுத்துக் குறிக்கும் சிவப்புப் பென்சிலால் நான்கு இடத்தில் வட்டம் போட்டிருந்தார்.

"காலையிலேயே வந்துருப்பேங்க. இவ்ளோ தூரம் வந்ததுக்கு கல்லங்குறிச்சி பெருமாள கும்புட்டுட்டு வரலாம்னு போனேன், அங்க கூட்டம். டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன். இதுல நாலு எடத்துல விசை விசைன்னு போட்டுருக்கீங்க. எது வெரலால இழுக்குற குதிர, எது ஸ்பிரிங்கோட தம்முன்னு எனக்கு வெளங்கல. தெரியாம கைய வைக்கக் கூடாது பாருங்க. அதான் கேட்டுட்டுப் பிரிக்கலாம்னு வந்தேன்."