மேடம் என்று கூப்பிட்டவன்

திருப்பதியில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் உட்கார்ந்து பதினோரு வருஷமாகிறது. போலி ஆதாரை அதன் பளபளப்பிலேயே கண்டுபிடித்துவிடுவேன். இல்லாத இணையதளத்தில் ரூமுக்குப் பணம் கட்டிவிட்டு, போனை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிற குடும்பங்களை வாராவாரம் பார்க்கிறேன். "படிச்சவங்கதானே, ஒரு போன் போட்டுக் கேட்டா இன்னா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பேன். எனக்கு வாய் அதிகம் என்று முதலாளிக்கும் தெரியும். ஏமாற்றுக்காரர்களை விரட்ட அந்த வாய் வேண்டும் என்பதால் என்னை வைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட என் வீட்டுக்குள்ளேயே ஒருவன் புகுந்தான்.

என் தங்கை ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் போன் அசெம்பிளி வேலையில் இருந்தவள். பிரசவத்துக்காக, சித்தூருக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். லீவு முடிய ஒரு மாசம்தான் பாக்கி. பால்குடிக்கிற பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஹாஸ்டலுக்கும் ஷிப்டுக்கும் திரும்பிப் போகக் கூடாது, அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் வந்தது, வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை.

அதில் ஒரு லட்சணமாவது ஒழுங்காக இருந்ததா? இன்டர்வியூ கிடையாது, சர்டிபிகேட் கேட்கவில்லை, சம்பளம் மட்டும் எங்கள் மேனேஜர் வாங்குவதைவிட அதிகம். வேலையில் சேர 'பதிவுக் கட்டணம்' கட்ட வேண்டுமாம், அதுவும் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள். சம்பளம் கொடுக்க வேண்டியவன் நம்மிடம் எதற்கடா காசு கேட்கிறான் என்று யோசிக்க வேண்டாமா? கட்டியிருக்கிறாள், மகராசி! நியமனக் கடிதத்தில் சிங்க முத்திரை வேறு. தனியார் கம்பெனிக்கு சிங்கம் எங்கிருந்து வந்தது? விலாசம், ரேணிகுண்டாவில் ஐந்தாவது மாடி. பிற்பாடு ஒரு நாள் நானே போய்ப் பார்த்தேன். அந்தத் தெருவிலேயே உயரமாக இருந்தது, ரிப்பேருக்கு நின்ற ஒரு லாரிதான்.

பத்து நாளும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே டைப் அடித்தாள். பதினோராம் நாள் நோட்டீஸ் வந்தது. தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டாவிட்டால் கேஸ், போலீஸ். பின்னாலேயே 'வக்கீல்' போன் போட்டான். எடுத்தவர் எங்கள் அப்பா, நைனா. இங்கேதான் எங்கள் ஜனங்களின் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வீட்டில் தமிழ். ரேஷன், பட்டா, பள்ளிக்கூடம், போலீஸ் எல்லாம் தெலுங்கு. அதனால் எவன் ஆபீஸ் தெலுங்கில் பேசினாலும் எங்கள் ஆட்களுக்கு அவன்தான் சர்க்கார். அதே மிரட்டலை அவன் தமிழில் சொல்லியிருந்தால் நைனா அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார். தெலுங்கில் சொன்னதால் எழுந்து நின்று, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு "சரே சார், சரே சார்" என்றாராம். போனில் பேசுகிறவனுக்குத் துண்டு தெரியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது எழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன்.

"அறிவு இருக்குதாடி உனக்கு? சோறுதானே துன்ற?"

தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வக்கீல் நம்பருக்கு நானே போன் போட்டு, சைபர் கிரைமில் புகார் கொடுக்கப் போகிறேன் என்றேன். பட்டென்று வைத்துவிட்டான், பெரிய வக்கீல்! சொன்னபடி புகாரும் பதிந்தேன். "இனிமே வேலைன்னு எவன் கூப்ட்டாலும் நான் பேசறேன்" என்று அவள் போனை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் மறுபடி போன் அடித்தது. தெலுங்குதான். சித்தூரில் ஆஸ்பத்திரி, வேலை விஷயம், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு நேரில் வர வேண்டும் என்று கடுகடுவென்று சொல்லிக்கொண்டே போனான். மேலே பேச விடாமல் இரண்டு பாஷையிலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு வைத்தேன். சத்தம் கேட்டு, தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"யாருக்கா?"

"இன்னொரு திருடன். சித்தூர் ஆஸ்பத்திரியாம், செவ்வாக்கெழம வரணுமாம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. நோட்டீஸ் வந்த மறுநாள், பிள்ளைக்கு ஊசி போடப் போன இடத்தில், ரிசப்ஷனுக்குத் தமிழும் தெலுங்கும் தெரிந்த ஆள் தேவை என்று ஒட்டியிருந்ததாம். அங்கேயே எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பகல் வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். போனில் பேசியவர் காசு கேட்கவில்லை, தேன் ஒழுகப் பேசவில்லை, சர்டிபிகேட்டோடு நேரில் வா என்றார். நிஜ வேலை என்பதற்கு இன்னும் என்ன வேண்டும்? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற எனக்கு அதில் ஒன்றுகூடக் காதில் ஏறவில்லை. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அவளோடு போனேன். ஆஸ்பத்திரி மேனேஜர் விண்ணப்பத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார். தமிழிலேயே கேட்டார்.

"போன்ல பேசினது நீயாம்மா?"

"அது நான் சார். தப்புதான், மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இங்க வலியோட வர்றவங்க கண்டபடி திட்டுவாங்க. பொறுத்துப் போகணும். அனுபவம் இருக்குதா?" என்று தங்கையிடம் கேட்டார்.

அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். "இவகூடவே வளர்ந்தேன் சார்."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த மாசம் முதல் தேதி வரச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனசு ஆறவில்லை. "அந்த டைப் வேலை வந்தப்பவே எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா?" என்றேன்.

"சொன்னா நீ சிரிப்ப" என்றாள். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அவன் தெனமும் போன் போட்டு, மேடம் சாப்ட்டீங்களா, பாப்பா தூங்கிச்சான்னு கேட்டுக்கினு இருந்தான்க்கா. திருடன்தான், இல்லன்னு சொல்லல. நீ ஒரு நாளாவது கேட்டியா?"

ஊர் வரும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்குவதற்கு முன் பிள்ளையை அவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு, "இன்னாடி, துன்னியா?" என்று கேட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள்.