சூலூர்ப்பேட்டை கள்ளுக்கடைக்கு ஒரு பகல் பயணம்

1970, பங்குனி மாதம். எங்கள் பக்கம் மதுவிலக்கு இருந்தது. எல்லைக்கு அந்தப்புறம் ஆந்திராவில் எடுத்துவிட்டார்கள். ஞாயிறு காலையில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நிற்க இடம் இருக்காது. சூலூர்ப்பேட்டைப் பனங்கள்ளுக்கு அவ்வளவு பேர். நானும் அதற்குத்தான் போவதாக வீட்டில் சொன்னேன். உண்மையில் சுப்பையாவைப் பார்க்கப் போனேன்.

சுப்பையா என் மனைவி வசந்தாவின் அத்தை மகன். அவனுக்குத்தான் அவளைக் கொடுப்பதாக இருந்தது. அவன் கள்ளுக்கடை வைத்ததும் என் மாமனார் மறுத்துவிட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்.

வசந்தாவையும் கூட்டிக்கொண்டு ஆறரை மணி பாசஞ்சரில் ஏறினேன். இருபத்திரண்டு மைல். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்போது நீராவி எஞ்சின், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கரித்தூள்தான். ஆரம்பாக்கம் தாண்டியதும் வசந்தா முகத்தைத் துடைத்துப் பூவைச் சரிசெய்தாள்.

ஸ்டேஷனிலிருந்து ஒரு மைல் நடந்தால் பனந்தோப்பு. சுப்பையா நான் நினைத்ததைவிட உயரம். சிரித்தால் நன்றாகவும் இருந்தான். என்னைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, அப்போதுதான் இறக்கிய கள்ளையும் வறுத்த நெத்திலியையும் கொடுத்தான். பிறகு இருவரும் தெலுங்கில் பேச ஆரம்பித்தார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. வசந்தா வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அவன் முன்னால் சளைக்கக்கூடாது என்று கலயம் கலயமாகக் குடித்தேன்.

"போதும் அண்ணா, வெயில் ஏறுது" என்றான்.

"நீயும் குடி."

"நான் குடிக்கமாட்டேன் அண்ணா. விக்கறதோட சரி."

அந்தப் பதிலுக்காகவே இன்னொரு கலயம் வாங்கிக் குடித்தேன். எழுந்தபோது தோப்பு சாய்ந்தது. கடைசியில் சைக்கிள் கேரியரில் என்னை உட்காரவைத்து அவன்தான் தள்ளிக்கொண்டு வந்தான். வசந்தா பக்கத்தில் நடந்தாள். வழியெல்லாம் தெலுங்கு கேட்டது. அதற்குமேல் நினைவில்லை.

திரும்பும் வண்டியில் தடா தாண்டும்போது தெளிந்தது. மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அவனையே கட்டிகினு இருக்கலாம்னு தோணுச்சா?"



"காலைல தோணுச்சு" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள்.

"சைக்கிள்ல வரும்போது என் கைய புடிச்சிகினே வந்த. சுப்பையா மாமா ரெண்டு வாட்டி எடுத்துவுட்டுப் பாத்தாரு. நீ வுடல. அப்போ தோணல."

இப்போது சென்னையிலிருந்தே மின்சார வண்டி சூலூர்ப்பேட்டை வரை போகிறது. போகிறவர்கள் காலை முதல் வண்டியில் போங்கள், வெயில் ஏற ஏறக் கள் புளிக்கும். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். எல்லை தாண்டிக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். யாரோடும் போட்டி போட்டுக் குடிக்காதீர்கள்.

அந்த ஒரு மைல் தூரமும் அவள் கை என் கையில் இருந்தது. எனக்குத்தான் அது நினைவில்லை. முழுதாகப் பார்த்தவன் சுப்பையா. அதற்காகவும் அவன்மேல் எனக்கு இன்றுவரை பொறாமை உண்டு.