புஷ்பலதா அக்காவின் காது

எமனே ஆரணியில் யாரையாவது பிணை பிடித்து வைத்தாலும், புஷ்பலதா அக்கா வாசலில் வந்து நின்றால், ஆளை விட்டுவிட்டு எருமையையும் கொடுத்துவிட்டுப் போவான். அக்கா எங்கள் தெருக்காரர், போலீஸ் இன்ஸ்பெக்டர். பிணைக்கைதிகளை மீட்கும் படைக்கு, எப்போது சுடுவது, எப்போது பொறுப்பது என்று பயிற்சி கொடுப்பவர். நிஜக் கடத்தல் ஒன்றில் ஆறு மணி நேரம் கதவை உடைக்கவிடாமல், பேசியே ஒரு குழந்தையை மீட்டவர்.

போன வாரம் நெசவு நின்றுபோன எங்கள் தறிக்கூடத்தில் பயிற்சி. கடத்தல்காரி வேடம் எனக்கு. பத்தாவதில் கோட்டை விட்டவளுக்கு வேறென்ன கிடைக்கும்? பிணைக்கைதியாக ஒரு போலீஸ்காரர். சும்மா இருக்க முடியுமா? என் தொப்பியை அவர் தலையில் மாட்டி, பொம்மைத் துப்பாக்கியை அவர் கையில் கட்டிவிட்டு, நெய்கிறவர் கால் தொங்கவிடும் தறிக்குழிக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் ராஜவேலு அண்ணன். முந்தைய இரண்டு பயிற்சிகளிலும் பிணைக்கைதியையே சுட்டவர். இதிலும் தோற்றால் படையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவர் துப்பாக்கி தொப்பியை நோக்கி உயர்ந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. காலடியிலிருந்த மிதிகட்டையை ஒரு மிதி மிதித்தேன். தறி தடக்கென்றது. அவர் சட்டென்று குழிப்பக்கம் திரும்பி என்னைப் பிடித்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா தட்டவில்லை. தெருவெல்லாம் தறிகள் ஓடுகிற இரைச்சலில், வெளியே நின்றவருக்கு அந்த ஒரு மிதி எப்படித்தான் கேட்டதோ!

"பாவு நூலே ஏத்தாத தறி, தானா மிதிச்சிக்குமா கனிமொழி?"

"கால் தெரியாம பட்டுடுச்சிக்கா."

"ஒளிஞ்சிகினு இருக்கறவன் சத்தம் போட்டுக் காட்டுவானாடி? மேல ஏறி வா. ராஜவேலு, மறுபடியும் வெளிய போ. இந்த வாட்டி கடத்தறது நான்."