சலூன்காரரின் மீசையும் ஓட்டும்

சலூன்காரருக்குத் தேர்தல் என்றாலே எரிச்சல். வாக்குச்சாவடி இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. வாக்குப்பதிவு நாளில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலில் மையோடு வருகிறவர்களை வேண்டுமென்றே காக்க வைப்பார்.

"நாட்டக் காப்பாத்திட்டு வந்திருக்கீங்க, களைப்பா இருக்கும். கொஞ்சம் உக்காருங்க. வேலைவெட்டி இல்லாதவங்களுக்கு முதல்ல வெட்டிடறேன்."

மனைவியின் உறவில் அவருக்குப் பிடித்தவன் ஒருவன்தான், அவளுடைய தம்பி. ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தின நாள் மாலை வந்து நாற்காலியில் சாய்வான்.

"உன்ன மாதிரியே வெட்டி விடு மாமா. அதே வகிடு, அதே மீசை."

சலூன்காரருக்கு உச்சி குளிர்ந்துவிடும். தன் மீசையைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவனுடையதை ஒதுக்குவார்.

இந்தத் தேர்தலில் எம்.பி.யின் பிரசார வண்டி பின்னோக்கி வந்து கடையின் பெயர்ப்பலகையை நொறுக்கியது. நியாயம் கேட்கப் போனால் எம்.பி.யின் ஆள் பல்லைக் குத்தியபடி சொன்னான்: "ஓட்டே போடாத ஆளுக்கு நாங்க எதுக்குய்யா பதில் சொல்லணும்?"

அங்கேயே தீர்மானித்தார். வாழ்நாளில் ஒரே ஒரு ஓட்டு. அதுவும் இந்த எம்.பி.க்கு எதிராக.

வாக்குப்பதிவன்று மதியம் கடையைப் பூட்டிவிட்டு, வாக்காளர் அட்டையோடு போனார். சாவடியில் ஈ, காக்கை இல்லை. அலுவலர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"காலைலயே போட்டுட்டீங்களே."

"நான் இப்பத்தான் வர்றேன்."

"இதே அட்டை, இதே வகிடு, இதே மீசை. ஆனா அவரு கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தாரு."

முந்தின நாள் மாலை தான் பார்த்துப் பார்த்து ஒதுக்கிய மீசை சலூன்காரரின் கண்முன் வந்து நின்றது.

வீட்டில் மச்சான் அசரவில்லை. "சும்மா கிடந்ததுதான மாமா? அக்காதான் எப்பவும் அட்டைய எடுத்துத் தரும். எம்.பி. ஆளுங்க கேட்டாங்க, போட்டேன்."

"உன் ஓட்டு என்னடா ஆச்சு?"

"எங்க சாவடியில வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது. நீ பேசிப் பேசி உங்க தெருவுல ஒருத்தனும் வர்றதில்ல, போனதும் போட்டுடலாம். அப்புறம் விரல்ல மை, என் ஓட்டப் போட விடமாட்டாங்க. உனக்காக என் ஓட்டையே விட்டுக் கொடுத்திருக்கேன் மாமா, அத நெனச்சுப் பாரு."

சலூன்காரர் நினைத்துப் பார்த்தார்.

"சரி, கடைக்கு வா. ஒரு பக்கம் மீசை கோணலா இருக்கு."

மச்சான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். சலூன்காரர் மெஷினை அவன் நெற்றியில் வைத்து, பிடரி வரை நடுவாக ஒரே கோடு இழுத்துவிட்டு, துணியை உதறினார்.

"மிச்சத்த அடுத்த எலெக்‌ஷனுக்கு வெட்டிக்கலாம்."