இரண்டு வீட்டுப் பெண்

என் அப்பா செத்த பிறகுதான் நான் அவர் மகள் இல்லை என்பது தெரிய வந்தது. எனக்கல்ல, சர்க்காருக்கு. அப்பா பூந்தமல்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டினார். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அப்படிப் போனவர்கள் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவார்கள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு, தண்ணீர்க் குடம் தூக்கினாலே உட்கார்ந்துவிடுவாள். தங்கை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மிச்சம் நான்தான். பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்திருந்தேன். வாரிசுச் சான்றிதழை வாங்கிவிட்டால் அடுப்பு எரியும் என்று நம்பி அம்பத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்த கிளார்க் என் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார், அப்பாவின் ரேஷன் கார்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சான்றிதழில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என் பெரியப்பாவின் பெயர் இருந்தது. அப்பாவின் ரேஷன் கார்டில் நான் இல்லவே இல்லை. பெரியப்பாவின் கார்டில் இருந்தேன்.

இதில் ரகசியம் எதுவும் கிடையாது. பெரியப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்சில் வீடு, குழந்தை இல்லை. எங்கள் வீடு பருத்திப்பட்டு ஏரிப் பக்கம். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம். குவார்ட்டர்ஸ் பள்ளியில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதலில் இடம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் தம்பியும் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே பேசி என்னைப் பெரியப்பாவின் மகளாக்கிவிட்டார்கள். நான் வீட்டிலேயே பிறந்தவள், பிறப்பைப் பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அதனால் வேலை சுலபமாக முடிந்தது. அந்தக் குவார்ட்டர்சில் தம்பி மகனோ மச்சினிச்சி மகளோ இப்படிப் பிள்ளையாக இருந்த வீடுகள் இன்னும் சில உண்டு. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

பள்ளி நாட்களில் குவார்ட்டர்ஸ், ஞாயிறு பருத்திப்பட்டு. அங்கே பெரியப்பாவை அப்பா என்பேன், இங்கே பெற்றவரை நைனா என்பேன். எனக்கு அதில் குழப்பமே வந்ததில்லை. குழப்பமெல்லாம் தாலுகா ஆபீசுக்குத்தான்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். குவார்ட்டர்சில் கேட்டபோது, பெரியப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார்: "அவரு பொண்ணுதான் சார். சின்னதுலருந்து பாத்துகினு கீறோம்." பருத்திப்பட்டில் கேட்டபோது, "ஜீப் டிரைவர் பொண்ணு சார், மூத்தது" என்றார்கள். இரண்டு தெருவும் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சேர்ந்து என்னைக் கவிழ்த்தன. சண்டை போடலாம் என்றால் யாரிடம் போடுவது?

"தப்பான ஆளு செத்துட்டாரும்மா" என்றார் கிளார்க், டீயை ஊதிக்கொண்டே. "உங்க பெரியப்பா போயிருந்தா இந்நேரம் ஆர்டர் கைல வந்திருக்கும்." கெட்டவர் இல்லை, தமாஷாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் அந்த டீயை ஊற்றலாம் போல இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத் துரத்தப் பார்த்தேன், போகவில்லை. அப்படி நடந்திருந்தால் என்று ஒரு கணம் என் மனசும் கணக்குப் போட்டுப் பார்த்தது. அந்த அளவுக்கு இறங்கியிருந்தேன்.

ஒரே வழிதான் இருந்தது. பெரியப்பா தாசில்தார் முன்னால் வந்து, இவள் என் மகள் இல்லை, பொய் சொல்லித்தான் பள்ளியில் சேர்த்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெரியம்மா என்னை உள்ளேயே விடவில்லை. "ரிட்டையர் ஆவுற வருசம். இப்போ போய் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுத்தா சும்மா வுடுவாங்களா? பென்சனை நிறுத்திட்டா நாங்க இன்னா பண்றது? உன்ன வளத்ததுக்கு இதுதானா?" அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அதற்குள் எங்கள் வீட்டில் நிலைமை முற்றிவிட்டது. அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்திருந்தாள். தங்கை, பசியில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள். வேலைக்கு மனுக் கொடுக்கும் கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் குவார்ட்டர்சுக்கு நடையாய் நடந்தேன். அழுதேன், கத்தினேன், பெரியப்பாவின் காலைப் பிடித்தேன். கடைசியில் ஒருநாள் ஏரியில் விழுந்து செத்துப்போகிறேன் என்றேன்.

"எங்க சாவப் போற? உனக்கு நீச்ச கத்துக் குடுத்தவனே நான்தான்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவருக்கு இரண்டும் வரவில்லை. "நாளைக்கு லீவு சொல்லிடறேன். காலைல பஸ் ஸ்டாண்டாண்ட நில்லு" என்றார். பெரியம்மா உள்ளே பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள்.

தொழிற்சாலைக்கு எப்போதும் போட்டுப் போகிற காக்கிச் சட்டை வேண்டாம் என்று வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். தாசில்தார் கேட்டதற்கெல்லாம் நின்றபடியே பதில் சொன்னார்.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி பொண்ணு சார்."

"ஸ்கூல்ல உங்க பொண்ணுன்னு சொல்லியிருக்கீங்களே?"

"ஆமா சார். பொய் சொன்னேன்."

"உங்க ஆபீசுக்குத் தெரிஞ்சா நடவடிக்கை எடுப்பாங்க. யோசிச்சுத்தான் பேசறீங்களா?"

"யோசிச்சுட்டேன் சார்."

நடவடிக்கை எடுக்கத்தான் செய்தார்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகும் விசாரணை இழுத்துக்கொண்டே போனது. நான் வேலையில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு முழு மாத்திரை வாங்கினேன். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு கிளார்க் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, தலையைத் தூக்காமலே இன்னொன்றும் கேட்டார்.

"உங்களுக்குச் சொந்தமா எத்தனை பசங்க?"

நான் பெரியப்பாவை ஒட்டித்தான் நின்றிருந்தேன். அவர் சட்டை என் கையில் உரசிக்கொண்டிருந்தது. காது கேட்கவில்லையோ என்று கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும் இல்ல சார்" என்றார் பெரியப்பா.

இந்தப் பதிலுக்காகத்தான் அத்தனை நாள் அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். கிளார்க் அதை எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட அவரிடம் பேனாவை நீட்டினார்.